பிழை சொல்லும் கடிகாரம்

“நான் தவறவே மாட்டேன்” என்கிறான் ஒருவன். “நான் நாளொன்றுக்கு ஒரு நொடி முந்துவேன், அதைக் கழித்துக் கொள்” என்கிறான் மற்றொருவன். கரை தெரியாத கடலிலே, கண் தெரியாத இருளிலே, நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்லும் கப்பலை இவ்விருவரில் எவனை நம்பி ஓட்டுவது?

இது கடலோடிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. குடும்பம் நடத்துகிறவனுக்கும், நாடு நடத்துகிறவனுக்கும், இயக்கம் நடத்துகிறவனுக்கும் உரிய கேள்வி. தவறாமை என்பது பெருமையா, தவற்றை அறிந்திருத்தல் பெருமையா? எதற்கு நாம் தலை வணங்குவது? எதை நம்பி நம் பிள்ளைகளின் வாழ்வைச் செலுத்துவது?

தென்காசியில் பல வீடுகளின் சுவரிலே இரண்டு பொருள்கள் அருகருகே தொங்கக் காணலாம். ஒன்று கடிகாரம். மற்றொன்று நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டர். குற்றாலத்துச் சாரல் சன்னல் வழியே வந்து இரண்டையும் ஒன்றுபோல் நனைக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரே குலத்தைச் சேர்ந்தவையும் அல்ல. கடிகாரம் ‘இப்போது மணி என்ன’ என்று சொல்கிறது. காலண்டரோ ‘இப்போது மணி நல்லதா’ என்று சொல்கிறது. முன்னது சரியான நேரம். பின்னது நல்ல நேரம். நல்ல நேரம் தேடியவர்கள் கரையிலேயே நின்றார்கள். சரியான நேரம் தேடியவர்கள் கடலைக் கடந்தார்கள். இந்த இரண்டு தேட்டங்களின் வேறுபாட்டைத்தான் நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நேரத்துக்கும் கடலுக்கும் என்ன உறவு? நிலவுலகம் 24 மணி நேரத்தில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. 360 பாகைகளை 24 மணியால் வகுத்தால் மணிக்கு 15 பாகை. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்பதை ஒரு கடிகாரம் காட்டிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் தலைக்கு மேல் கதிரவன் உச்சிக்கு வரும்போது அங்கே நண்பகல். துறைமுகக் கடிகாரம் அப்போது காலை பத்து மணியைக் காட்டினால், கப்பல் துறைமுகத்துக்குக் கிழக்கே 30 பாகையில் நிற்கிறது என்பது கணக்கு. வடக்கு தெற்கை விண்மீன்களின் உயரம் சொல்லிவிடும். கிழக்கு மேற்கைச் சொல்வதற்குக் கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் நான்கு நொடி தவறினால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் கப்பலின் இடம் ஒரு கடல் மைல் தவறும். நான்கு நிமிடம் தவறினால் அறுபது கடல் மைல். பாறை எங்கே, கரை எங்கே என்பது தெரியாமல் போகும்.

1707 ஆம் ஆண்டில் சில்லித் தீவுகளின் பாறைகளில் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் மோதி உடைந்தன. தாங்கள் நின்ற இடம் எது என்று அறியாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அந்தக் கப்பல்களில் வழிபாடு இல்லாமல் இல்லை. கணக்கில்தான் குறை இருந்தது. 1714 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கடலில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் சரியாகச் சொல்லும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுன் பரிசு என்று அறிவித்தது.

வானியல் வல்லுநர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். விடை மரம் இழைக்கும் பட்டறையிலிருந்து வந்தது. ஜான் ஹாரிசன், 1693 இல் பிறந்தவர், தச்சர். பல்கலைக்கழகம் பார்க்காதவர். கப்பல் ஆடினாலும், குளிர் வாட்டினாலும், வெயில் காய்ந்தாலும் நடை மாறாத கடிகாரம் ஒன்றைச் செய்வதற்காக ஆயுளையே செலவிட்டார். அவருடைய நான்காவது கடிகாரம் 1759 இல் முடிந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. 1761 இல் அது ஜமைக்காவுக்குப் பயணமானது. 81 நாள்களில் அது இழந்தது ஏறத்தாழ ஐந்தே நொடி!

பரிசைக் கொடுத்தார்களா? இல்லை. ஆய்வுக் குழுவினர் தடை எழுப்பினார்கள். அந்தத் தடையில் பொறாமை இருந்தது. கைத்தொழிலாளியிடம் படித்தவர் காட்டும் இளக்காரமும் இருந்தது. ஆயினும் அதற்குள்ளே ஒரு நியாயமும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். “இந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு எவ்வளவு முந்தும், எவ்வளவு பிந்தும் என்பதைப் பயணத்துக்கு முன்பே அறிவிக்கவில்லையே! பயணம் முடிந்த பிறகு கணக்குக் காட்டினால் அதை எப்படி ஏற்பது?” என்பதே அந்த நியாயம். 1764 இல் பார்படோஸ் தீவுக்கு இரண்டாம் சோதனைப் பயணம் நடந்தது. இந்த முறை கடிகாரத்தின் நடைக் கணக்கு புறப்படும் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு நொடி முந்தும் என்பதே அந்தக் கணக்கு. 47 நாள் பயணத்தின் முடிவில் பிழை 40 நொடிக்குள் அடங்கியது. பரிசுக்குத் தேவையான அரைப் பாகை என்பது நேரத்தில் இரண்டு நிமிடம். இது அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியும் நாடாளுமன்றம் இறுதித் தொகையை வழங்கியது 1773 இல். அப்போது ஹாரிசனுக்கு வயது 80.

இந்த வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுவது பரிசுத் தொகையும் அன்று, வயதும் அன்று. முதற் பயணத்தில் ஐந்து நொடி. இரண்டாம் பயணத்தில் நாற்பது நொடிக்குள். எண்ணைப் பார்த்தால் முதற்பயணமே சிறந்தது. ஆயினும் அறிவுலகத்தின் வாயை அடைத்தது இரண்டாவது பயணந்தான். ஏன்? பிழையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புறப்பட்டது அது.

கடற்கடிகாரத்தைக் கையாளும் முறையே தனி. குரோனோமீட்டர் என்று மாலுமிகள் அழைக்கும் அந்தக் கருவியை நாள்தோறும் குறித்த வேளையில் சாவி கொடுப்பார்கள். ஆனால் நடுக்கடலில் முள்ளைத் தொட்டுத் திருத்த மாட்டார்கள். பக்கத்தில் ஒரு ஏடு இருக்கும். இன்று இத்தனை நொடி பிந்தியுள்ளது, நாளை இத்தனை நொடி பிந்தும் என்று அதில் எழுதுவார்கள். முள் காட்டும் நேரத்தோடு ஏட்டில் உள்ள பிழையைக் கூட்டியோ கழித்தோ பார்த்தால் உண்மை நேரம் கிடைக்கும். கடிகாரத்தின் பிழை கப்பலை மூழ்கடிப்பதில்லை. அறியப்படாத பிழைதான் மூழ்கடிக்கும். நாளுக்கு நாள் மாறும் பிழைதான் மூழ்கடிக்கும். மறைக்கப்பட்ட பிழைதான் மூழ்கடிக்கும்.

இப்படி ஒரு பிழை ஏடு நம் மண்ணுக்கும் எழுதப்பட்டது. 1792 ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினி ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தது. கடலோடிகளுக்கும் நில அளவையாளர்க்கும் சரியான நேரமும் சரியான இடமும் கணித்துக் கொடுப்பது அதன் வேலை. கும்பினியார் நம் நலனுக்காக அதைக் கட்டவில்லை. கப்பல் கரை சேர வேண்டும், நிலம் அளந்து வரி சேர வேண்டும் என்பதற்காகவே கட்டினார்கள். ஆயினும் அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. அந்தக் கூடத்தின் கடிகாரத்தைக் கொண்டே துறைமுகத்துக் கப்பல்களுக்கு நேரம் அறிவிக்கப்பட்டது. 1802 இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையும் அந்தக் கூடத்தின் தீர்க்கரேகையையே பற்றுக்கோடாகக் கொண்டது. முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அந்த வலை தெற்கே குமரிமுனை வரை விரிந்தது. தென்காசியும் குற்றாலமும் வரைபடத்தில் இடம் பெற்றன.

நில அளவைத் துறை நெடுங்காலம் சென்னைக் கூடத்தின் தீர்க்கரேகை 80 பாகை, 17 கலை, 21 விகலை என்று கொண்டிருந்தது. பாகையை அறுபதாகப் பகுத்தால் கலை. கலையை அறுபதாகப் பகுத்தால் விகலை. பின்னர், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தந்திக் கம்பி வழியே ஊருக்கு ஊர் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அப்போது உண்மை மதிப்பு 80 பாகை, 14 கலை, 54 விகலை என்று தெரிந்தது. வேறுபாடு 2 கலை 27 விகலை. நேரத்தில் சொன்னால் பத்து நொடிக்கும் சற்றே குறைவு. அந்தப் பத்து நொடியால், வரைபடத்தில் இருந்த ஊர்கள் எல்லாம் தம் உண்மை இடத்துக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நின்றன! கோபுரமும் தள்ளி நின்றது; அருவியும் தள்ளி நின்றது.

நில அளவையாளர் என்ன செய்தார்கள்? பழைய தாள்களை மறைத்தார்களா? முன்னோர் கணித்தது, குறை சொல்லலாகாது என்றார்களா? இல்லை. ‘இந்த வரைபடத்தின் தீர்க்கரேகையில் இத்தனை கலை, இத்தனை விகலை கழித்துக்கொள்க’ என்று வரைபடத்திலேயே அச்சிட்டார்கள். தன் பிழையைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வெளிவந்த தாள் அது. அதனால் அதன் மதிப்பு குறைந்ததா? கூடிற்று. பிழை எவ்வளவு என்று சொன்ன தாளை வைத்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம் அல்லவா?

இனி, சுவரில் தொங்கும் மற்றொரு தாளைப் பார்ப்போம்.

திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை என்று காலண்டர் சொல்கிறது. இந்த எண் எப்படி வந்தது? கதிரவன் எழுந்தது முதல் விழும் வரையுள்ள பகற்பொழுதை எட்டுக் கூறாக்கி, கிழமைக்கு ஒரு கூறு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கதிரவன் ஆறு மணிக்கு எழுந்து ஆறு மணிக்கு விழுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஆனால் நம் கடிகாரங்கள் காட்டுவது இந்தியப் பொது நேரம். அது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். தென்காசியோ 77 பாகையைச் சற்றே தாண்டி நிற்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், தென்காசியின் சொந்த நேரம் கடிகார நேரத்துக்கு ஏறத்தாழ 21 நிமிடம் பின்தங்கியது. நம் பழைய அளவில் சொன்னால் ஒரு நாழிகைக்குச் சற்றே குறைவு. சென்னைக்கும் தென்காசிக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 12 நிமிட வேறுபாடு. சென்னையில் எழும் கதிரவன் தென்காசிக்கு உடனே வந்துவிடுவதில்லை. இராகு மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே நொடியில் வந்துவிடுகிறாரே, எந்த வண்டியில் ஏறி வருகிறார்?

பிப்ரவரித் தொடக்கத்தில் தென்காசியில் கதிரவன் எழும்போது மணி 6.40 ஐத் தாண்டிவிடும். சோதிடரின் விதிப்படியே கணக்கிட்டாலும், அன்றையத் திங்கட்கிழமை இராகு காலம் எட்டு மணிக்கு மேல்தான் தொடங்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு மேல்தான் முடிய வேண்டும். காலண்டரைப் பார்த்து, ஒன்பது அடித்ததும் ‘அப்பாடா, கழிந்தது’ என்று பெண் பார்க்கப் புறப்படுகிறவர், அவருடைய சாத்திரத்தின்படியே இராகு காலத்தின் நடுவில்தான் புறப்படுகிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இப்படிப் புறப்படுகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. தென்காசி மக்கள் தாம் அறியாமலேயே ஆண்டுதோறும் ஒரு பெரிய சோதனையை நடத்தி முடித்துவிடுகிறார்கள். அதன் முடிவைத்தான் எவரும் எழுதி வைப்பதில்லை!

இன்னும் ஒன்று. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருப்புப்பாதைகளில் வழங்கிய சென்னை நேரம் அதற்கு ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. கடிகார முள்ளை மனிதர்கள் 9 நிமிடம் முன்னே தள்ளினார்கள். அன்று இராகுவும் 9 நிமிடம் தள்ளிக்கொண்டாரா? மனிதனின் அரசாணைக்கு அடங்கி நடக்கும் கோளுக்கு மனிதன் ஏன் அஞ்ச வேண்டும்?

“உள்ளூர்க் கதிரவனைக் கொண்டு கணக்கிட வேண்டும், காலண்டர் செய்தவன் தவறு செய்தான்” என்று விவரம் அறிந்த சோதிடர் சொல்லக் கூடும். நன்று. அப்படியானால் பஞ்சாங்கக்காரர்களுக்குள்ளேயே உள்ள வழக்கைப் பார்ப்போம். வாக்கியப் பஞ்சாங்கம் என்று ஒன்று. திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று ஒன்று. முன்னது பழைய சூத்திரங்களின் வழி கணிப்பது. பின்னது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கின் வழி கணிப்பது. சனிக்கோள் கும்ப இராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. ஒரே வானம், ஒரே கோள், இடையில் பதினொரு மாதம்! ஒரு பஞ்சாங்கத்தின்படி பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்தவர், மற்றொரு பஞ்சாங்கத்தின்படி பதினொரு மாதம் முன்பாகவே செய்துவிட்டார். இரண்டு பஞ்சாங்கங்களும் இன்றும் விற்கின்றன. இரண்டுக்கும் காணிக்கை விழுகிறது. பத்து நொடிப் பிழையைத் தேடிப் பிடித்து வரைபடத்தின் நெற்றியில் அச்சிட்ட அறிவு ஒருபுறம். பதினொரு மாத வேறுபாட்டை மடியில் வைத்துக்கொண்டு ‘இரண்டும் சரியே’ என்று புன்னகை புரியும் நம்பிக்கை மறுபுறம்!

பஞ்சாங்கத்தைத் திருத்து என்று அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே குரல் எழுந்தது உண்டு. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிதத்தில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவர். 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சி வந்தபோது, அதைப் பொது மக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர். கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போகும்படி பழைய கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். அவருடைய சமய நம்பிக்கையில் நமக்குப் பங்கில்லை. ஆனால் தொலைநோக்கியும் கடிகாரமும் ஒன்றைச் சொல்ல, ஓலைச்சுவடி வேறொன்றைச் சொன்னபோது, சுவடியைத் திருத்து என்றாரே, அந்த நேர்மைக்கு நாம் மதிப்புக் கொடுக்கிறோம். அவர் 1880 இல் மறைந்தார். அவர் திருத்தச் சொன்னது இன்றும் திருந்தாமல் பல கோயில்களில் ஆட்சி செய்கிறது.

தென்காசியிலேயே இதற்கு ஒரு சான்று கல்லில் நிற்கிறது. 15 ஆம் நூற்றாண்டில் அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். அரசன் கட்டியதற்கு அழிவேது என்று அவன் எழுதி வைக்கவில்லை. இந்தக் கோயிலுக்கு என்றேனும் ஒரு குறை நேருமானால், அப்போது அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை உலகறிய நான் பணிகிறேன் என்ற கருத்தைப் பாட்டாகக் கல்லில் பொறித்தான். கோயிலை வணங்குகிறவர் பலர் அந்தக் கல்வெட்டை வாசிப்பதில்லை. நாமோ கோயிலை வணங்காதவர்கள், கல்வெட்டை வாசிக்கிறோம். முடிசூடிய மன்னன் யாருக்குத் தலை வணங்கினான்? தன் வேலையில் வரக்கூடிய குறையைத் திருத்தப் போகும், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத மனிதனுக்கு! குலம் கேட்கவில்லை, ‘யாராயினும்’ என்றான். அவன் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோர், முன்னோர் கணக்கைத் திருத்த வந்தவனை மட்டும் முன்னோரைப் பழித்தவன் என்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

“அறிவியல் மட்டும் என்ன நிலையானதா? நேற்று ஒன்று சொல்கிறது, இன்று ஒன்று சொல்கிறது. எங்கள் சாத்திரம் அன்றும் இன்றும் ஒன்றே” என்பர் சிலர். நின்றுபோன கடிகாரமும் அன்றும் இன்றும் ஒன்றேதான் காட்டும். மாறாமை மட்டுமே உண்மைக்கு அடையாளம் என்றால், அதைப்போல் உண்மையான கடிகாரம் வேறில்லை. எது நடந்தால் உங்கள் சாத்திரம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நன்மை வந்தால் ‘நேரம் நல்ல நேரம்’ என்பார்கள். தீமை வந்தால் ‘விதி வலிது’ என்பார்கள். எது நடந்தாலும் அவர்கள் தோற்பதில்லை. தோற்க முடியாத கூற்றுக்கு வெல்லவும் முடியாது. பிழை கண்டுபிடிக்கும் வழியே இல்லாத கருவியில் சரி என்ற சொல்லுக்கும் பொருள் இல்லை.

குற்றாலத்து மலைத்தொடரின் தென்பகுதியில் மகேந்திரகிரி இருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவூர்தி எந்திரங்களை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். அத்தகைய ஏவூர்திகள் சுமந்து சென்ற பொருள்களில் கடிகாரமும் ஒன்று. ஆம், வானத்தில் மிதக்கும் கடிகாரம்! நாவிக் என்னும் நம் நாட்டு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் உயிர்நாடியே அவற்றுக்குள் இருக்கும் அணுக் கடிகாரங்கள்தான். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது; நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் முந்நூறு மீட்டர் பிழைக்கும். அன்று நான்கு நொடிக்கு ஒரு கடல் மைல் என்று ஹாரிசன் காலத்தில் போட்ட அதே கணக்குத்தான் இன்னும் கூர்மையாக அங்கே நடக்கிறது.

2013 சூலை முதல் நாள் ஏவப்பட்ட அந்த வரிசையின் முதற் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியக் கடிகாரங்களும் 2016 இல் பழுதுற்றன. நிறுவனத்தார் அதை நாட்டுக்கு வெளிப்படையாகச் சொன்னார்கள். அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று அனுப்பிய செயற்கைக்கோள், வெப்பக் கவசம் பிரியாததால் பயனற்றுப் போனது. அதையும் சொன்னார்கள். 2018 ஏப்ரல் 12 அன்று அனுப்பிய அடுத்தது தன் இடம் சேர்ந்தது. 2023 மே 29 அன்று ஏவப்பட்டது, நம் நாட்டிலேயே செய்த ருபீடிய அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. தோல்வியை ஒளித்திருந்தால் அந்தக் கடிகாரம் பிறந்திருக்குமா? இன்னும் வியப்பு ஒன்று உண்டு. வழிகாட்டும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் நேரத்தை மட்டும் அனுப்புவதில்லை. ‘என் கடிகாரம் இப்போது இவ்வளவு பிழைபடுகிறது, திருத்திக் கொள்’ என்று தன் பிழையையும் சேர்த்தே அனுப்புகிறது. தரையிலுள்ள நிலையங்கள் அளந்து கொடுத்த கணக்கு அது. கையிலிருக்கும் தொலைபேசியில் வழி பார்த்து நடக்கிறவர், தம்மை அறியாமல், பிழையை ஒப்புக்கொண்ட கடிகாரங்களின் சொல்லைக் கேட்டே நடக்கிறார். அதே கையால் அதே தொலைபேசியில் இராகு காலமும் பார்க்கிறாரே, அதுதான் வேதனை!

பார்த்தால் என்ன, பழக்கந்தானே என்று விட்டுவிடலாமா? விட்டுவிட முடியாது. வலி எடுத்த கருவுற்ற பெண்ணை வாசலில் நிறுத்தி, ‘இன்னும் கால் மணி பொறு’ என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. குழந்தை இந்த நேரத்தில்தான் பிறக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்து, வயிற்றைக் கீறச் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். கட்டத்தில் இருக்கும் செவ்வாயைக் காட்டி, தன் ஊரை விட்டு வெளியே கால் வைக்காத பெண்ணின் மணத்தைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். அளவை தவறினால் கப்பல் பாறையில் மோதும். மோதியது எல்லோருக்கும் தெரியும். இங்கே மோதி உடைவது ஒரு பெண்ணின் வாழ்வு. ஓசை வெளியே கேட்பதில்லை.

நேரம் உயிர் காக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. வற்புறுத்தியே சொல்கிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. மலைமேல் மழை பெய்த நொடிக்கும் அருவியில் நீர் பெருகும் நொடிக்கும் இடையே சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நிமிடங்களை அளந்தறிந்து, கீழே நிற்பவர்க்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடுதான் நல்ல நேரம். அதை அளப்பது மழைமானியும் கடிகாரமும், பஞ்சாங்கம் அன்று.

இளைஞர்களே! இதுவரை பிறரைப் பார்த்துப் பேசினோம். இனி நம்மைப் பார்த்தும் பேச வேண்டும். பகுத்தறிவாளன் என்று பெயர் சூட்டிக்கொண்டவன் தவறுவதில்லையா? தவறுவான். பகுத்தறிவு என்பது பிழை புகாத கோட்டை அன்று. அது ஒரு ஏடு. பிழையை எழுதி வைக்கும் ஏடு. நம் தலைவர் சொன்னது, நம் ஏடு எழுதியது, நம் மேடையில் முழங்கியது என்பதற்காக ஒன்றைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டால், நாமும் ஒரு பஞ்சாங்கம் அச்சடிக்கத் தொடங்கிவிட்டோம் என்றே பொருள். அட்டை மட்டும் வேறாக இருக்கும்.

தொலைதூரக் கடலோடிகள் ஒரே கடிகாரத்தை நம்பிப் போவதில்லை. இரண்டு இருந்தால், வேறுபடும்போது எது பிழை என்று தெரியாது. ஆகவே மூன்றேனும் வைத்துக்கொள்வார்கள். 1831 இல் புறப்பட்ட பீகிள் கப்பல், டார்வின் ஏறிச் சென்ற கப்பல், 22 கடிகாரங்களைச் சுமந்து சென்றது. ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக் கொடுக்கும். அதைக் காட்டிக்கொடுப்பு என்று எந்தக் கடிகாரமும் கோபித்துக்கொள்வதில்லை! நம் மன்றங்களிலும் படிப்பகங்களிலும் நம்மை மறுத்துப் பேசும் தோழனுக்கு இடம் இருக்கிறதா என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் நம் கப்பலின் இரண்டாவது கடிகாரம். அவனை மறுப்பவன் மூன்றாவது.

இன்னொன்றும் தெளிவாக வேண்டும். தவற்றை ஒப்புக்கொள்வது என்றால் மேடையேறிக் கண்ணீர் வடிப்பதன்று. மன்னிப்புக் கேட்பது வேறு. கணக்குக் கொடுப்பது வேறு. பாவத்தைச் சொல்லிவிட்டுக் கழுவிக்கொண்டு, மறுநாள் அதே பாவத்துக்குத் திரும்புகிறவன் கடிகாரம் ஆகமாட்டான். கடிகாரம் அழுவதில்லை. இவ்வளவு பிந்துவேன் என்று முன்னரே சொல்கிறது, சொன்னபடி பிந்துகிறது, அதனாலேயே நம்பத் தகுந்ததாகிறது. எனக்கு இது தெரியும், இது தெரியாது. இந்தப் பக்கம் நான் சாயக் கூடியவன். என் சொல்லை எடுக்கும்போது இவ்வளவு கழித்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லக் கூடிய மனிதனே நம்பிக்கைக்கு உரியவன். ஆட்சிக்கும் அதுவே அளவுகோல். கட்சிக்கும் அதுவே. ஆசிரியனுக்கும், மருத்துவனுக்கும், எழுதுகிறவனுக்கும் அதுவே.

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நாம் தரும் விடை இது. தவறவே மாட்டேன் என்பவன் கையில் சுக்கானைக் கொடுக்காதீர்கள். அவன் சாமியாராயினும் கொடுக்காதீர்கள். அறிஞன் என்று பெயர் பெற்றவனாயினும் கொடுக்காதீர்கள். பிழை ஏட்டை மடியில் வைத்திருப்பவனைத் தேடுங்கள். அவன் கிடைக்காவிட்டால் நீங்களே அவனாகுங்கள். ஒரு சிறு குறிப்பேடு போதும். இன்று நான் நம்பியது எது, எந்தச் சான்றால் நம்பினேன், எது தெரிந்தால் கைவிடுவேன் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்துப் புரட்டிப் பாருங்கள். கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். அதற்கு நாள் பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள்!